நஞ்சுக்கொடியைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: கனடாவின் வின்னிபெக்கில் மகப்பேற்றுப் பிரிவில் தாதியாகச் சேர்ந்து நான்கு மாதம். வடக்கிலிருந்து விமானத்தில் வந்த க்ரீ என்ற பழங்குடி இனப் பெண்ணோடு அவருடைய இனத்தைச் சேர்ந்த 'டூலா' (பேறுகாலத் துணைவர்) ஒருவரும் வந்தார். நஞ்சுக்கொடியை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். நான் விழித்துக்கொண்டு நின்றேன். இதற்கெல்லாம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கலாம்?

பதில்: டூலா மருத்துவிச்சி அல்ல. இரத்த அழுத்தம் பார்ப்பதோ, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதிப்பதோ, பிள்ளையை எடுப்பதோ அவர் வேலை இல்லை. இடுப்பை அழுத்திவிடுவார், தண்ணீர் பருக்குவார், டாக்டர் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனதைத் தாய்க்கு விளங்கும்படி மறுபடி சொல்வார். உங்கள் வேலைக்கு இடைஞ்சல் வராது.

அவர் ஏன் வருகிறார் என்பதுதான் முக்கியம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போகிற வழக்கம் நமக்கு. அந்தப் பெண்களுக்கோ நேர்மாறு. வடக்கின் சிற்றூர்களில் வசதி இல்லையென்று, 36-38 வாரத்திலேயே விமானம் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிடுவது பல பத்தாண்டு வழக்கம், பெரும்பாலும் தனியாக. எல்லாப் பழங்குடிக் கர்ப்பிணிகளுக்கும் துணைக்கு ஒருவர் வரும் செலவை மத்திய அரசு ஏற்றது 2017இல்தான். ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள புவிர்னிட்டுக்கில் 1986 முதல் இனுயிட் என்ற வடபுலப் பழங்குடி மருத்துவிச்சிகள் ஊரிலேயே பிள்ளைப்பேறு பார்க்கிறார்கள். ஆனால் அப்படி வாய்த்த ஊர்கள் சில.

இன்னொன்று. பிள்ளை பிறந்தவுடன் சிறுவர் நல அதிகாரிகளுக்கு அறிவிக்கும்படி வைத்தியசாலைகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பும் நடைமுறையை உங்கள் மாகாணமான மனிற்றோபா 2020இல்தான் நிறுத்தியது. அந்த எச்சரிக்கையால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்துப் போனதுண்டு. அக்காவின் பிள்ளை அப்படிப் பறிபோனதைப் பார்த்தவராக இருக்கலாம் உங்கள் முன் படுத்திருப்பவர். நீங்கள் படிவத்தோடு போய்க் கேள்வி கேட்கும்போது அவர் முதலில் டூலாவின் முகத்தைப் பார்த்தால் கோபிக்காதீர்கள்.

சரி, நஞ்சுக்கொடி. ஊர் மண்ணில் புதைக்கத்தான் கேட்கிறார்கள். கொடுக்கலாம். கனடாவில் பல வைத்தியசாலைகளில் அதற்கென்றே ஒப்புதல் படிவம் உண்டு. தொற்று இருந்தாலோ ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தாலோ மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். சிக்கல் வருவது, உடற்பகுதிகள் கெடாமல் போட்டுவைக்கும் நச்சுத் திரவமான ஃபார்மலினால்தான். ஒருமுறை என் கண்முன்னே, யாரும் கேட்காமல் பழக்க தோஷத்தில் அதில் போட்டுவிட்டார்கள். அதைப் பிறகு மண்ணில் புதைக்க முடியாது. சுற்றிக் கொண்டுபோகத் துணி கொண்டுவந்திருந்த பாட்டி, ஒன்றும் பேசாமல் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். ஆகவே வலியோடு உள்ளே வரும்போதே கேட்டு, கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். மூடியுள்ள வாளி, பெயர்ச்சீட்டு, ஐஸ் போதும். நம்மூரில் மாட்டின் இளங்கொடியையே கண்ட இடத்தில் போடாமல் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டவர்கள் நாம், இது நமக்கு விளங்காதா என்ன!

சடங்காகப் புகையிடுவதற்கு சேஜ் இலை, இனிப்புப்புல் என்ற வாசனைப் புல் கொண்டுவருவார்கள். ஒட்சிசன் ஓடும் அறையில் கூடாது. பொறுப்புத் தாதியிடம் சொல்லி வேறு அறை கேளுங்கள். முன்பக்கம் கயிறு கோத்த, பிள்ளையைச் சுற்றிக் கட்டும் அவர்களுடைய மரபுப் பையான 'பாசிப் பை'யில் (moss bag) பிள்ளையைக் கட்டினால் கால்கள் மடங்கி அசைய இடம் இருக்கிறதா, உடல் சூடாகவில்லையா என்று மட்டும் பாருங்கள்.

பார்வையாளர் கணக்கில் டூலாவையும் சேர்க்கிறார்களா என்று நாளைக்கே விசாரியுங்கள். சேர்த்தால், பாட்டியோ கணவரோ வெளியே நிற்க வேண்டி வரும்.