எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா?

தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு உங்களோடு வருகிற அக்காவிடம் கணவரின் கடனைச் சொல்ல, அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. இனி மறைத்தால் பொய்யாகாதா என்கிறீர்கள். ஆகாதுங்க. பொய் சொல்லாமல் இருப்பது வேறு, மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுவது வேறு. திருக்கோஷ்டியூரில் ராமானுஜர் கோபுரம் ஏறி ரகசிய மந்திரத்தையே ஊரறியச் சொன்னார் என்பார்கள். கேட்டவர்களுக்கு அதில் நன்மை இருந்தது. கடன் கதையால் யாருக்கு நன்மை? (வட்டிக்காரருக்குக்கூட இல்லை.) அதோடு, அது உங்கள் கணவருடைய விஷயமும்தான், அவரைக் கேட்காமல் சொல்லியிருக்க வேண்டாம். உங்கள் பயமும் அழுகையும் உங்களுடையவை. அவற்றைப் பூட்டி வைக்காதீர்கள். விளக்கேற்றும்போது பைரவரிடம் சொல்லுங்கள், அப்புறம் ஊர்க்கதை பேசாத ஒருவரிடம். அந்த அக்காவோடு கோயிலுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். மறுபடி கடனைப் பற்றிக் கேட்டால், ‘அதை விடுங்கக்கா’ என்றால் போதும்.