கார்க் வளையம்: உதிர்வதும் பொடிவதும் ஏன்?

வணக்கம். அலங்காரத்துக்காகத் தெர்மோகோல் வளையத்தில் க்ளூ கன்னால் (பசையை உருக்கி ஒட்டும் கருவி) ஒட்டிய ஒயின் பாட்டில் கார்க்குகள் உதிர்கின்றன, வெட்டினால் பொடிகின்றன என்று எழுதியிருந்தீர்கள்.

உதிர்வதற்கு முதல் காரணம் சூடு. அதிகச் சூட்டுப் பசை தெர்மோகோலை உருக்கிக் குழியாக்கும், பிடிமானமே இருக்காது. குறைந்த சூட்டு கன் வாங்குங்கள். அதோடு, பல் குத்தும் குச்சியைப் பாதியாக ஒடித்து, ஒரு முனையைக் கார்க்கிலும் மறுமுனையை வளையத்திலும் செருகி ஒட்டுங்கள். பசையை மட்டும் நம்பவே வேண்டாம். புதிதாகத் தொடங்குவதானால் வைக்கோல் வளையம் இன்னும் நல்லது.

இரண்டாவது, கார்க்கின் மேல் பாட்டிலில் எளிதாக நுழைவதற்காகப் பூசிய மெழுகோ சிலிக்கோனோ இருக்கும். ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். வழவழவென்று ஒரே நிறத்தில் இருப்பவை பிளாஸ்டிக் கார்க்குகள். அவற்றில் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது, ஒதுக்கிவிடுங்கள்.

வெட்டும் முன் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். மிருதுவானதும், சூடு ஆறுவதற்குள் ரொட்டி வெட்டும் பல் கத்தியால், அழுத்தாமல் அறுங்கள். பாட்டிலைத் திறக்கும்போது திருகி நடுவில் துளைத்த கார்க் நீளவாக்கில் பிளந்தால் உடையத்தான் செய்யும். அதை வட்டத் துண்டுகளாக்குங்கள். ஈரத்தோடு ஒட்டினால் மறுபடியும் கழன்றுவிடும், இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள்.

மெழுகுவர்த்தியை வளையத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தெர்மோகோல் சட்டென்று தீப்பிடிக்கும்.