மெடிகேர் இருக்க மெடிகேப் எதற்கு?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். வரும் ஜூனில் எனக்கு 65 ஆகிறது. அத்தோடு வேலையை விடுகிறேன். மனைவிக்கு அடுத்த ஆண்டு 65. இருவருக்கும் பெரிய நோய் ஒன்றும் இல்லை. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைக்கும்போது, அது விட்டுவைக்கும் செலவுக்கென்று தனியார் நிறுவனங்கள் விற்கும் மெடிகேப் பாலிசிக்கு ஏன் தனியாகப் பணம் கட்ட வேண்டும்? உடம்புக்கு ஏதாவது வந்தால் அப்போது எடுத்துக்கொள்ளக் கூடாதா? ஆண்டுக்கு மூன்று மாதம் இந்தியாவில் இருப்போம். அங்கே இது செல்லுமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பலர் சறுக்குவது அங்கேதான்.

65 வயதாகி, மெடிகேரின் பார்ட் பி (டாக்டர், வெளிநோயாளி சிகிச்சைக்கான பகுதி) தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை எந்த நிறுவனமும் உங்களுக்கு மெடிகேப் தர மறுக்க முடியாது. சர்க்கரை, இதய நோய் என்று சொல்லிப் பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. ஜூன் 1-ல் பார்ட் பி தொடங்கினால் நவம்பர் 30 வரை உங்களுக்கு இந்த உரிமை. அதன் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் மாநிலத்தில் நிறுவனங்கள் உடல்நிலையை விசாரிக்கலாம், கைவிரிக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில்தான் எப்போதும் கதவு திறந்திருக்கும். ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை விளம்பரங்கள் கொட்டுமே, அந்தக் காலம் மெடிகேப்புக்கானது அல்ல.

சரி, ஏன் கட்ட வேண்டும்? டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்குமுன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) கட்டிய பிறகும் பார்ட் பி செலவில் பொதுவாக 20 சதவீதம் உங்களுடையது. அதற்கு உச்சவரம்பே கிடையாது. மெடிகேர் ஏற்கும் புற்றுநோய் சிகிச்சைக் கட்டணம் ஒரு லட்சம் டாலர் என்றால் உங்கள் பங்கு இருபதாயிரம். மருத்துவமனையில் படுத்தால், அந்தச் செலவுக்கான பார்ட் ஏ பகுதியின் டிடக்டிபிள் வேறு: 2025-ல் 1,676 டாலர். இது ஆண்டுக்கு ஒரு முறை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வீடு திரும்பி 60 நாள் கழித்து மறுபடி சேர்ந்தால் மறுபடியும் கட்ட வேண்டும்.

மெடிகேப் பிளான்களுக்கு ஜி (G), என் (N), எஃப் (F) என்று ஆங்கில எழுத்துகள்தான் பெயர். அந்த எழுத்துதான் முக்கியம், நிறுவனம் அல்ல. பிளான் ஜி யாரிடம் வாங்கினாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றே. விலை மட்டும் மாறும். அதனால் நான்கு இடத்தில் விலை கேளுங்கள். வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறுமா என்பதையும் கேளுங்கள். ஜி எடுத்தால் பார்ட் பி டிடக்டிபிள் (2025-ல் 257 டாலர்) மட்டும் உங்கள் கையிலிருந்து. மற்ற பங்கையெல்லாம் ஏறக்குறைய அதுவே பார்த்துக்கொள்ளும். பிளான் என் மலிவு; ஆனால் டாக்டரைப் பார்க்கும்போது 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்கு 50 டாலர் வரை கேட்கலாம். நண்பர்கள் புகழும் எஃப் உங்களுக்குக் கிடைக்காது. 2020 முதல் மெடிகேர் தகுதி பெறுபவர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே பாலிசி என்பதும் கிடையாது. உங்கள் மனைவியின் ஆறு மாதக் கணக்கு தனி. மருந்துக்கு பார்ட் டி தனியாக வாங்க வேண்டும்.

பிரீமியமே இல்லை என்று ஏஜென்ட் மெடிகேர் அட்வான்டேஜைக் (மெடிகேர் பலன்களைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் திட்டம்) காட்டக்கூடும். மோசமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆண்டுச் செலவுக்கு அதில் உச்சவரம்பு உண்டு. ஆனால் பெரும்பாலும் குறிப்பிட்ட டாக்டர்கள், முன் அனுமதி என்று கட்டுப்பாடுகள் இருக்கும். 65 வயதில் அதில் சேர்ந்தவர் முதல் 12 மாதத்துக்குள் விலகினால் மெடிகேப் உரிமையோடு எடுக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் மறுபடி உடல்நிலை விசாரணைதான். மாதப் பிரீமியம் உங்களுக்குச் சுமையில்லை என்றால், நான் ஜி பக்கம் சாய்வேன்.

இந்தியா விஷயத்தில் கவனம். ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு இடமுண்டு: முதல் 250 டாலர் உங்களுடையது, மீதியில் 80 சதவீதம் பாலிசி தரும், வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். ஆனால் பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் தொடங்கும் அவசரத்துக்கு மட்டுமே. உங்கள் மூன்றாவது மாதத்துக்கு அது உதவாது. அதற்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள்.