போஸ்டர்ல 17 கலர், கவுண்டர்ல ஒரே பதில்

கேள்வி: ஐயா வணக்கம். நான் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவ, இப்ப டவுன் பக்கம் தாமான்ல (குடியிருப்புப் பகுதி) இருக்கேன், இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டு கடைகளுக்கு குடுக்குறேன். எங்க தமிழ்ப்பள்ளிக்கு ஒரு பேங்க்ல இருந்து மரம் நட வராங்களாம், ஐநா சபையோட 17 நிலையான வளர்ச்சி இலக்குக்கு பேங்க் பங்களிக்குதுன்னு கேட்ல பெரிய போஸ்டர் வேற. அதே பேங்க்ல தான் பெரிய கிரைண்டரும் பிரீசரும் வாங்க 8,000 வெள்ளி (ரிங்கிட்) கடன் கேட்டு இல்லன்னுட்டாங்க. நெசமாவே ஒரு பேங்க்கால உலக இலக்குக்கு எதாச்சும் செய்ய முடியுமா, இல்ல எல்லாம் விளம்பரமா?
(ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: முடியும்மா. ரோடு, ஆலை, வீடு, தோட்டம், கடை எது எழும்பினாலும் அதுக்கு பின்னாடி ஒரு கடன் இருக்கு, அந்த கடனுக்கு சரின்னு கையெழுத்து போடுற மேசை பேங்க்ல இருக்கு, அதனால அவங்க செய்யக்கூடிய நல்லதும் பெருசு, கெட்டதும் பெருசு. எந்த பேங்க் உலகத்துக்கு என்ன செஞ்சுச்சுன்னு தெரியணும்னா அதோட கடன் கணக்கை பார்க்கணும், யாருக்கு குடுத்தாங்க, என்ன கண்டிஷன்ல குடுத்தாங்க, யாரை திருப்பி அனுப்பினாங்க. மத்ததெல்லாம் ஆண்டறிக்கைக்கு போட்டோ. மரம் நடட்டும், நான் வேணாம்னு சொல்லல, நட்டுட்டு போன பிறகு ஸ்கூல் லீவுல யாரு தண்ணி ஊத்துறதுன்னு மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்க.

அந்த போஸ்டர்ல இருக்குறது சும்மா விஷயம் இல்ல. 2015 செப்டம்பர்ல 193 நாடுங்க ஒத்துக்கிட்டது, 17 இலக்கு, அதுக்குள்ள 169 உப இலக்கு, 2030க்குள்ள முடிக்கணும்னு பேச்சு. 2024ல ஐநாவே கணக்கு எடுத்து பார்த்தப்ப அளக்க முடிஞ்ச உப இலக்குல 17 சதவீதம் தான் ஒழுங்கான வேகத்துல போகுதுன்னு வந்துச்சு. வளரும் நாடுங்களுக்கு மட்டும் வருஷத்துக்கு 4 டிரில்லியன் டாலர் பத்தலயாம், இதை எந்த அரசாங்கமும் தன் கஜானால இருந்து போட முடியாது, அதனால தான் எல்லாரும் பேங்க் வாசல்ல போய் நிக்கிறாங்க.

பேங்க்குங்களும் சரின்னாங்க. 2019 செப்டம்பர்ல நியூயார்க்ல 130 பேங்க் சேர்ந்து பொறுப்பான வங்கிச் சேவைக் கோட்பாடுகள்னு 6 கோட்பாட்டுக்கு கையெழுத்து போட்டாங்க. அதுல எனக்கு பிடிச்ச ஒரு விஷயம், கையெழுத்து போட்ட பேங்க் தன்னோட தொழிலால எங்க அதிகமா பாதிப்பு வருதுன்னு தானே கண்டுபிடிச்சு குறைஞ்சது 2 டார்கெட்டாச்சும் வைக்கணும். 17 பெட்டியிலயும் டிக் போட்டுட்டு போக முடியாது. ஆனா கையெழுத்தை ரொம்ப நம்பாதீங்க, 2021 ஏப்ரல்ல கரியமில வாயுவை நிகர பூஜ்யம் ஆக்குறோம், அதாவது வெளிய விடுறதும் திரும்ப எடுக்குறதும் சரிசமமா இருக்கும்னு பேங்க்குங்க ஒரு கூட்டணி ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல அரசியல் காத்து மாறின உடனே 2024 டிசம்பர்ல இருந்து அங்க உள்ள பெரிய பேங்க்குங்க ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு, 2025 அக்டோபர்ல அந்த கூட்டணியையே மூடிட்டாங்க.

இன்னொரு கணக்கும் தெரிஞ்சு வச்சுக்குங்க. பேங்க் ஆபீஸ்ல ஏர்கோன் குறைச்சோம், பேப்பர் மிச்சம் பண்ணோம், எல்இடி லைட் போட்டோம்னு அறிக்கையில நாலு பக்கம் வரும். நிறுவனங்ககிட்ட சுற்றுச்சூழல் விவரம் கேட்டு வாங்கி வெளியிடுற சிடிபிங்கிற அமைப்பு 2021ல நிதி நிறுவனங்க குடுத்த விவரத்தை வச்சு பார்த்துச்சு, அவங்க கடனாவும் முதலீடாவும் போட்ட காசால கிளம்புற புகை, சொந்த ஆபீஸ் புகையை விட சராசரியா 700 மடங்குக்கு மேல. அப்ப லைட்டை அணைச்சு என்னத்துக்கு ஆகுது, எந்த ஆலைக்கு காசு போகுதுன்னு தானே பார்க்கணும். நம்ம நாட்டுல சிஐஎம்பி பேங்க் 2020 டிசம்பர்ல 2040க்குள்ள நிலக்கரித் தொழிலுக்கு காசு குடுக்குறதை விட்டு முழுசா வெளிய வந்துடுவோம்னு அறிவிச்சாங்க, செய்றாங்களான்னு 2040 வரைக்கும் பார்த்துட்டு இருக்கணும், ஆனா தேதி போட்டு சொன்னதால நாளைக்கு சட்டையை பிடிச்சு கேக்கலாம். 2021 ஏப்ரல்ல நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா வேற ஒரு வழிகாட்டி போட்டுச்சு, குடுக்குற கடனை பருவநிலைக்கு நல்லதா கெட்டதான்னு சி1ல இருந்து சி5 வரைக்கும் தரம் பிரிக்கணும். 2017ல சபா கூடாட்ல சூரிய மின்சாரத்துக்கு 250 மில்லியன் வெள்ளி பசுமை சுக்கூக் (இஸ்லாமிய முறைக் கடன்) பத்திரம் போட்டாங்களே, அது தான் உலகத்துலயே முதல் பசுமை சுக்கூக், அப்ப மனசு வச்சா காசை திருப்பி விட நம்ம ஆளுங்களுக்கு தெரியும்.

சரி, சபாவும் நியூயார்க்கும் இருக்கட்டும், நம்ம ஊருக்கு வருவோம். இங்க சுத்துப்பட்டுல ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வச்சிருக்கவங்க இருக்காங்க, அப்பா காலத்துல நட்டது. செம்பனைக்கு ஒரு 25 வருஷம் தான் நல்ல காய்ப்பு, அதுக்கு மேல மரம் உயரமாயிடும், குலையை எட்டி வெட்டுறது கஷ்டம், காயும் குறையும். மறுநடவு செய்யணும்னு அவங்களுக்கே தெரியும், ஆனா கன்னு நட்டு முதல் குலை வெட்ட 3 வருஷம் ஆகும், பால்மரமா (ரப்பர்) இருந்தா 6, 7 வருஷம். அந்த மூணு வருஷமும் குடும்பம் எதை சாப்பிடும்? பேங்க் கடனோ வாங்கின அடுத்த மாசத்துல இருந்தே தவணை கட்டுன்னு கேக்குது. கிரெடிட் கார்டுக்கும் கார் லோனுக்கும் சரியான அந்த கணக்கு ஒரு மரத்துக்கு எப்படி சரி வரும், சொல்லுங்க. அதனால கிழட்டு மரத்தை வச்சே காலத்தை ஓட்டுறாங்க, இல்லன்னா வீடு கட்டுறவங்ககிட்ட நிலத்தை வித்துட்டு போறாங்க. இதுல ஒரு பேங்க், மூணு வருஷம் அசல் கேக்க மாட்டோம், குலை வெட்டுற மாசத்துல கூட கட்டு, மழையில வரும்படி குறைஞ்சா கம்மியா கட்டு, ஆனா காட்டை அழிச்சு புதுசா நடக்கூடாதுன்னு ஒரே ஒரு கண்டிஷன் போட்டு கடன் குடுத்தா வறுமை, வேலை, பருவநிலை, காடு நாலு இலக்கும் ஒரே கடன் விண்ணப்பத்துல வந்துடுது. போட்டோ எடுக்க தான் அதுல ஒண்ணும் இல்ல, மூணு வருஷம் கழிச்சு வந்தா குலையோட எடுத்துக்கலாம்.

உங்க 8,000 வெள்ளி விஷயம். இல்லன்னு சொன்னவர் கெட்டவர் இல்லம்மா, அவரோட கம்ப்யூட்டர் சம்பள ஸ்லிப் கேக்குது, உங்ககிட்ட சம்பள ஸ்லிப் இல்ல, மாவு வாங்குற கடைக்காரர் நோட்டுல எழுதி மாசக் கடைசியில காசா குடுக்குறார், அது கம்ப்யூட்டருக்கு தெரியாது. 1,700 வெள்ளி குறைஞ்சபட்ச சம்பளத்துக்கு வேலை செய்யிற பையனுக்கு மோட்டார் லோன் கிடைக்குது, அதை விட அதிகம் சம்பாதிக்கிற உங்களுக்கு கிரைண்டர் லோன் கிடைக்கல. பெண்களுக்கு நிதிச் சேவை கிடைக்கணும்னு 5வது இலக்குல இருக்கு, சின்ன தொழிலுங்க வளர நிதி கிடைக்கணும்னு 8வது இலக்குல இருக்கு, ரெண்டும் நீங்க தான், போஸ்டரை ஒட்டினவங்களுக்கு இது ஞாபகம் வரல போல.

இதுக்கு வழி இல்லாம இல்ல. வங்காளதேசத்துல முகமது யூனுஸ் கிராமீன் பேங்க்ல அடமானம் இல்லாம ஏழைப் பெண்களுக்கு சின்ன கடன் குடுத்து காட்டினார், 2006ல நோபல் வந்துச்சு. அதே முறையில நம்ம நாட்டுல 1987லயே அமானா இக்தியார்ங்கிற சின்ன கடன் அமைப்பு தொடங்கியாச்சு, 2024ல அதுல இந்தியப் பெண்களுக்குன்னே ‘பெண்’ங்கிற திட்டத்துல 50 மில்லியன் வெள்ளி ஒதுக்கினாங்க. சின்ன தொழிலுக்கு கடன் குடுக்குற அரசாங்க அமைப்பு தெக்குன்ல இந்திய வியாபாரிகளுக்கான ஸ்புமி திட்டம் இருக்கு, பேங்க் ராக்யாட்லயும் 2024ல பிரீப்-ஐன்னு இந்திய வியாபாரிகளுக்கு 50 மில்லியன். இங்கெல்லாம் ஒரு தடவை கேட்டு பாருங்க. ஆனா ஒண்ணு, சின்ன கடன் எல்லாத்துக்கும் மருந்துன்னு நான் நம்பல, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி மாட்டிக்கிட்ட குடும்பங்க இந்த தாமான்லயே இருக்கு. பேங்க் இல்லன்னு சொன்னா நம்ம ஆளுங்க எங்க போறாங்க, அடகுக்கடைக்கு, அங்க சட்டப்படியே மாசம் 2 சதவீதம், லைசென்ஸ் வச்ச வட்டிக்காரர்கிட்ட அடமானம் இல்லாம வாங்கினா வருஷம் 18 வரைக்கும், அதுவும் கிடைக்கலன்னா லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன் ஆலோங், அங்க சதவீதம்லாம் பேச முடியாது, கட்டலன்னா கேட்ல சிவப்பு பெயிண்ட் தான். கூட்டு (சீட்டு) பிடிக்கிறதும் சட்டப்படி தப்பு, 1971லயே தடை போட்டாச்சு, ஆனா பேங்க் வாசல்ல இருந்து திரும்பி வர்றவங்களுக்கு அது தான் முதல்ல ஞாபகம் வருது.

இன்னொருத்தரை நாம மறந்துடுறோம். இப்ப தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு) இருக்குறது வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசிய பையனுங்க. மாசச் சம்பளத்தை ஊருக்கு அனுப்புறாங்க. 10வது இலக்குல, காசு அனுப்புற செலவை 2030க்குள்ள 3 சதவீதத்துக்கு கீழ கொண்டு வரணும்னே எழுதியிருக்கு, உலக சராசரி இன்னும் 6க்கு மேல நிக்குது. இது ஒரு பேங்க் தானே முடிவு பண்ணி குறைக்கக்கூடிய கட்டணம். எந்த மந்திரியும் வர வேணாம், ரிப்பனும் வெட்ட வேணாம்.

உங்க ஊர்க்காரரையே சொல்லாம விட்டா தப்பு. வெள்ளைக்கார முதலாளிங்க தோட்டத்தை துண்டு போட்டு வித்துட்டு போனப்ப லயத்துல இருந்தவங்களுக்கு போக இடம் இல்ல, அப்ப ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவரா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதி கூட்டுறவு சங்கத்தை ஆரம்பிச்சு, பால் மரம் வெட்டுற தொழிலாளிகிட்ட மாசம் 10 வெள்ளி வாங்கி, அந்த காசுல தோட்டத்தையே வாங்கினார். அந்தக் காலத்து 10 வெள்ளி லேசு இல்ல, வயித்தை கட்டித்தான் குடுத்தாங்க. 17 இலக்கு அப்ப கிடையாது, சம்பள ஸ்லிப்பை காட்டுன்னும் யாரும் கேக்கல. பின்னாடி அந்த சங்கம் எப்படி போச்சுங்கிறது வேற பஞ்சாயத்து, அதை இந்த பக்கத்துல இழுத்தா இடம் பத்தாது.

இப்ப நீங்க என்ன பண்றது. பேங்க் நெகாராவோட ஈசிசிஆர்ஐஎஸ் இணையதளத்துல உங்க கடன் ரெக்கார்டை காசு இல்லாம எடுத்து பாருங்க, கடைசி 12 மாசக் கணக்கு அதுல வரும், எதாச்சும் பழைய பாக்கி மறைஞ்சு கிடந்தா கடன் ஆலோசனை குடுக்குற ஏகேபிகே ஆபீஸுக்கு போங்க, பேங்க் நெகாரா 2006ல அமைச்சது, ஆலோசனைக்கு காசு வாங்க மாட்டாங்க. கடைக்காரங்க குடுக்குற காசை இன்னையில இருந்து அக்கவுண்ட்ல போட சொல்லுங்க, ஆறு மாசம் அப்படி வந்தா அதுவே உங்க சம்பள ஸ்லிப். மரம் நட மேனேஜர் வருவார்ல, மண்வெட்டியை குடுத்துட்டு கேளுங்க: போன வருஷம் இந்த கிளையில சம்பள ஸ்லிப் இல்லாத எத்தனை பேருக்கு தொழில் கடன் குடுத்தீங்க, அதுல எத்தனை பேர் பெண்ணுங்க, மறுநடவுக்கு தவணை தள்ளி வைக்கிற கடன் இருக்கா, ஊருக்கு காசு அனுப்ப நூறு வெள்ளிக்கு எவ்வளவு பிடிக்கிறீங்க. ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்னு தான் சொல்வார். எந்த டிபார்ட்மெண்ட், யாரு, எந்த தேதிக்குள்ளன்னு எழுதி வாங்கிக்குங்க, பதில் வந்தா எனக்கு அனுப்புங்கம்மா, ஒரு வார்த்தை மாத்தாம இதே பக்கத்துல போடுறேன்.