மருத்துவர் பதில்: பேன்கேக் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடுமா?

கேள்வி: எனக்கு வயது 59, எடை 62 கிலோ. பல வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் சாப்பிடுகிறேன். கொஞ்ச நாளாகக் காலையில் மூன்று தோசைக்குப் பதிலாக, பாதாம் மாவு, முட்டை, புரதப் பொடி கலந்து மகள் பேன்கேக் செய்து தருகிறாள். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. என் அக்கா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். எனக்கு முடி கொட்டுகிறது, வயிறு உப்புகிறது. முட்டையால் கொழுப்பு ஏறுமோ, பாதாம் சூடோ என்றும் பயமாக இருக்கிறது. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் இபுப்ரோஃபென் வாங்கிப் போடுகிறேன். அப்புறம், தேக்கா சந்தைக்குப் போனால் பதினொரு மணி வாக்கில் வேர்த்துக் கை நடுங்குகிறது. ஒரு தே குடித்ததும் சரியாகிவிடும். வெயில்தான் காரணம் என்று நினைக்கிறேன். பேன்கேக்கை நிறுத்திவிடவா? அக்காவுக்குக் கொடுக்கலாமா?
— ஈசூன் வாசகி

பதில்: பேன்கேக்கை நிறுத்த வேண்டாம். நன்றாக இருக்கும் சிறுநீரகத்தைக் காலையில் சாப்பிடும் ஒரு பேன்கேக் கெடுத்துவிடாது. என்னைப் பதற வைப்பது, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த வேர்வைதான்.

சிங்கப்பூர் வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது? ஆனால் வெயிலால் வரும் வேர்வை ஒரு தே குடித்தா அடங்கும்? கெட்டிப்பால் ஊற்றிய தேயில் இருக்கும் சர்க்கரை உள்ளே போனதும் நடுக்கம் நின்றுவிட்டது என்றால், உங்கள் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோயிருந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் பேன்கேக் மட்டுமல்ல, அதோடு சேரும் மாத்திரை. கிளிபிசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று அது பார்ப்பதில்லை. முன்பு மூன்று தோசை சாப்பிட்டீர்கள். தோசையின் அளவைப் பொறுத்து அதில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருந்திருக்கும். அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி மருத்துவர் மாத்திரையின் அளவை வைத்தார். இப்போது உங்கள் தட்டில் மாவுச்சத்து 10 கிராம்கூட இல்லை, மாத்திரையோ அதே அளவு. பதினொரு மணிக்குச் சந்தையில் நடக்கும்போது மிச்சச் சர்க்கரையும் செலவாகிவிடுகிறது. மெட்ஃபார்மினை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது. கிளிபிசைடு, கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை நடுங்கினால் இப்படிச் செய்யுங்கள். கருவி கையில் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். அளவு 4.0 mmol/L-க்குக் கீழே இருந்தாலும், கருவியே இல்லாவிட்டாலும், உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். ஏறத்தாழ 15 கிராம் போதும். பொட்டலப் பானம் வாங்கினால், அதில் சர்க்கரை எவ்வளவு என்று தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் குறியீட்டைப் பாருங்கள். மற்ற நாட்களில் நல்லதென்று நான் சொல்லும் ஏ, பி தரப் பானங்களில் இந்த நேரத்துக்குப் போதுமான சர்க்கரை இருக்காது. பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் குடித்துப் பயனே இல்லை. பையில் இருக்கும் பாதாமும் சாக்லேட்டும்கூட உதவாது, கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ஏற நேரமாகும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை சர்க்கரைத் தண்ணீர். ஏறியதும் ஒரு துண்டு ரொட்டியோ நாலு பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். கிளிபிசைடின் வேலை மணிக்கணக்கில் நீடிக்கும், அதனால் மறுபடியும் இறங்கலாம்.

மகளிடம் இதையும் சொல்லிவையுங்கள். அம்மா குழறிப் பேசினாலோ, கூப்பிட்டும் பதில் சொல்லாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டும்.

இந்த வாரமே உங்கள் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பேசி, சாப்பாட்டை மாற்றியதையும் நடுக்கம் வருவதையும் சொல்லுங்கள். கிளிபிசைடைக் குறைப்பார்கள், ஒருவேளை நிறுத்தியும் விடுவார்கள். நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னார்கள் என்று அளவை மாற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து எகிறிய எச்பிஏ1சி-யோடு (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதுவரை பேன்கேக்கோடு ஒரு தோசையோ, ஒரு துண்டு முழுக்கோதுமை ரொட்டியோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை சாப்பிடவே போவதில்லை என்றால், அந்த வேளைக் கிளிபிசைடைப் போடாதீர்கள்.

இப்போது சிறுநீரகத்துக்கு வருவோம். அக்காவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் தங்கைக்கு இந்தப் பயம் வருவது இயல்பு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பயத்துக்கு விடை யூடியூபில் இல்லை, பரிசோதனைத் தாளில் இருக்கிறது. சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதமும், ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். விகிதம் 3 mg/mmol-க்குக் கீழேயும், சிறுநீரக வடிகட்டும் திறன் (தாளில் eGFR) 60-க்கு மேலேயும் இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். இரண்டில் ஒன்று சரியில்லை என்றால், ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் போதும். உங்களுக்கு அது 50 கிராம் அளவில் வரும். அப்போது பொடியை விட்டுவிட்டு முட்டை, மீன், பருப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில பொடிகளில் தசைக்காகக் கிரியேட்டின் என்ற வேறொரு பொருளும் கலந்திருக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அது ரத்தத்தில் கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். அதனால் பரிசோதனைக்குப் போகும்போது பொடியின் டப்பாவையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

சிறுநீரகத்தைக் கெடுப்பவை பல வருடக் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். இரண்டையும் விட்டுவிட்டு முட்டையைப் பார்த்துப் பயப்படுகிறோம். அதைவிட, கடிதத்தில் நீங்கள் கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதியிருக்கும் இபுப்ரோஃபெனைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சர்க்கரை நோயோடு அதைத் தொடர்ந்து போடுவதுதான் உங்கள் சிறுநீரகத்துக்கு ஆபத்து, பேன்கேக் அல்ல. இன்றே நிறுத்துங்கள். மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் போடலாமா, எவ்வளவு என்று மருந்தகத்துக்குப் போகும்போது கேளுங்கள்.

மற்ற கவலைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பாதாம் சூடு என்பதை மறந்துவிடுங்கள். எடை வேகமாகக் குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், அப்புறம் தானாக வளரும். தினமும் இரண்டு முழு முட்டை வேண்டாம் என்று தோன்றினால், ஒரு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவுமாகப் போடுங்கள். கொழுப்பை ஏற்றுவதில் நெய்க்கும் தேங்காய்ப்பாலுக்கும் பெரிய பங்கு உண்டு. வயிறு உப்புவதற்குப் பொடியின் பால் சர்க்கரையோ, பேன்கேக் மேல் ஊற்றும் 'சர்க்கரை இல்லாத' பாகு இருந்தால் அதில் உள்ள மால்டிட்டால் என்ற இனிப்பூட்டியோ காரணமாக இருக்கலாம். பாகை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

உங்கள் மகளின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பொடியைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு முட்டை, நாலு மேசைக்கரண்டி பாதாம் மாவு, இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர், பொடி அரைக் கரண்டி, ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர். இதிலேயே 25 கிராமுக்கு மேல் புரதம் கிடைத்துவிடும். பொடி கூடினால் பேன்கேக் ரப்பர் மாதிரி ஆகும். பாதாம் மாவில் கோதுமையின் பசை கிடையாது, பெரிதாக ஊற்றினால் திருப்பும்போது உடையும். மாவைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, உள்ளங்கை அளவில் ஊற்றி, மூடி போட்டு, சிறு தீயில் வேக விடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் வாரத்தில் பாதி நாள் பாசிப்பருப்பு அடை போடுங்கள் என்பேன். 60 கிராம் பாசிப்பருப்பில் ஏறத்தாழ 14 கிராம் புரதம் உண்டு. மாவுச்சத்தும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நார்ச்சத்தோடு மெதுவாக ஏறும். கிளிபிசைடு சாப்பிடும் உங்களுக்கு அந்த மாவுச்சத்து பாதுகாப்புதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள், ரத்தத்தில் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால், கருவியில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டினாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அந்த மருந்தின் பெயரை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

அக்காவுக்கு இதே பேன்கேக்கைக் கொடுக்காதீர்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே தேவை, அதில் தப்பில்லை. ஆனால் பாதாமில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம், பேக்கிங் பவுடரிலும் பாஸ்பேட் இருக்கலாம். அவருடைய டயாலிசிஸ் நிலையத்தின் உணவியல் நிபுணரிடம் பேசுங்கள். முட்டை வெள்ளைக்கருவை வைத்து அவருக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்லித் தருவார்கள்.