செண்டுப்பூச் செடி இடுப்புயரம் வளர்ந்தும் மொட்டைக் காணோமே?

கேள்வி: ஐயா, வணக்கம். உசிலம்பட்டி பக்கம், கிணற்றுப் பாசனம். ஆட்டுக்கிடை போட்டு எருவேற்றிய 50 சென்ட் நிலத்தில் ஆடிப்பெருக்குக்குச் செண்டுப்பூ நட்டேன். 45 நாள் ஆகிறது. செடி இடுப்புக்கு வந்துவிட்டது, இலை கரும்பச்சை, மொட்டு மட்டும் இல்லை. அடியுரம் டி.ஏ.பி. ஒரு மூட்டை. மேலுரமாக யூரியா இரண்டு தடவையில் இரண்டு மூட்டை. விதை போன வருஷம் வைத்த ஹைபிரிட் தோட்டத்தில் எடுத்தது. உரக்கடையில் கொடுத்த பூ டானிக்கை இரண்டு முறை அடித்தாயிற்று. ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு மாதம்தான். மூன்றாவதாக என்ன அடிக்கலாம்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் நுனியைக் கிள்ளச் சொல்கிறார்.

பதில்: எதையும் அடிக்க வேண்டாம் தம்பி. நுனியில் கையும் வைக்க வேண்டாம். கிள்ளுவது நட்ட 30ஆம் நாள் செய்கிற வேலை. இப்போது கிள்ளினால் பக்கக் கிளை வெடித்து, அதில் மொட்டு வருவதற்குள் ஆயுத பூஜை போய்விடும். தீபாவளிக்குத்தான் பூ பார்ப்பீர்கள்.

கணக்கைப் பாருங்கள். அரை ஏக்கர் செண்டுக்கு மொத்தத் தழைச்சத்து (நைட்ரஜன்) 18 கிலோ போதும். இரண்டு மூட்டை யூரியாவில் 41 கிலோ, டி.ஏ.பி.யில் 9, ஆக 50 கிலோ கொடுத்திருக்கிறீர்கள். ஆட்டுக்கிடையை நான் சேர்க்கவே இல்லை. இவ்வளவு தின்கிற செடி இலையும் தண்டுமாகத்தான் போகும். கோடைப் பகல் நீளமாக இருந்தால் செண்டு பூக்கத் தாமதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் மதுரைப் பக்கம் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், பகலும் இப்போது குறைந்துகொண்டுதான் வருகிறது. பகல்மேல் பழி போட முடியாது.

யூரியாவை அடியோடு நிறுத்துங்கள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் கட்டுங்கள், செடி வாடும்வரை விட வேண்டாம். இதுவரை பொட்டாஷ் போடவில்லை என்றால் 10 கிலோ போடலாம். அப்புறம் நுனியின் இளம் இலைகளை நகத்தால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே குண்டூசித் தலை அளவில் பச்சைக் குமிழ் தட்டுப்பட்டால் வேலை ஆரம்பித்துவிட்டது. அது மிளகு அளவானபின் விரிய இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். பார்க்காமல் கமிஷன் கடையில் நாள் சொல்லிவிடாதீர்கள்.

அந்த டானிக் புட்டியில் என்ன சத்து, எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறதா? பூப்படம் மட்டும் இருந்தால் நீங்கள் வாங்கியது அந்தப் படத்தைத்தான். மூட்டைக் கணக்கைக் கேட்காமல் புட்டியை நீட்டுகிறவர் வியாபாரி, அவரிடம் வைத்தியம் கேட்கக் கூடாது.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஹைபிரிட் தோட்டத்தில் எடுத்த விதை என்று, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஹைபிரிட் என்பது தாய் ஒரு வழி, தகப்பன் ஒரு வழி என்று கலந்து எடுத்தது. அதன் பூவில் எடுக்கிற விதையில் அந்தக் கலப்பு பிரிந்து ஒன்று நெடுசாகும், ஒன்று குட்டையாகும், ஒன்று அடுக்காகப் பூக்கும், ஒன்று ஒற்றை இதழோடு நிற்கும். வரிசையில் நடந்து பாருங்கள், உயரம் ஏறி இறங்கி இருக்கும். மொட்டு வந்தாலும் ஒரே நாளில் வராது. மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரே அளவுப் பூவுக்குத்தான் விலை. கலப்புக் கூடையை எப்படித் தள்ளுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சொந்த விதை கூடாது என்று சொல்லவில்லை. நாட்டுச் செண்டில் தாராளமாக எடுக்கலாம், நானே எடுத்திருக்கிறேன். நல்ல செடியாகப் பார்த்து அடையாளத்துக்குக் கயிறு கட்டி, பூவைச் செடியிலேயே காயவிட வேண்டும். விதையின் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வைக்கோல் நிற வால். கறுப்புப் பாகத்தை நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக நின்றால் விதை, நசுங்கினால் பதர். அடுக்குப் பூவில் பதர் நிறையவே இருக்கும். விதைக்கும் முன் ஈரத் துணியில் நூறு விதையை மடித்து வையுங்கள், ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். ஹைபிரிட்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் புது விதை வாங்குங்கள். வாங்கினால் நாற்றும் நீங்களே விடுங்கள். நாற்றங்காலில் 40, 45 நாள் தேங்கிய குழித்தட்டு நாற்றை 25 நாள் நாற்று என்று தலையில் கட்டுவார்கள். தட்டிலேயே மொட்டு வைத்த நாற்று கிளைக்காது.

இப்போதைக்கு ஒரு வேலை பாக்கி. வரிசைக்குக் குச்சி ஊன்றிக் கயிறு கட்டிவிடுங்கள். யூரியாவில் வளர்ந்த இந்த உயரம் ஐப்பசி மழைக்கு நிற்காது.