அமெரிக்காவில் வாக்குரிமை தேசியச் சட்டம்தானே? அதைக் காக்கவும் விரிவாக்கவும் மாநிலங்களால் என்ன செய்ய முடியும்?

ஏறத்தாழ எல்லாமே மாநிலங்களின் கையில்தான் இருக்கிறது. இனம், பாலினம், பதினெட்டு நிரம்பியவருக்கு வயது ஆகியவற்றைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் சொல்கிறது. ஆனால் பெயரை எப்படிப் பதிய வேண்டும், எந்த ஆவணம் செல்லும், சிறை சென்றவர் மீண்டும் வாக்களிக்கலாமா என்பதையெல்லாம் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தனித்தனியே முடிவு செய்கிறது. ஒரே தேர்தல் ஆணையத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பிடிபடச் சற்று நேரமாகும். மேய்னிலும் வெர்மாண்டிலும் சிறைக்குள் இருப்பவரும் வாக்களிக்கலாம். வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது.

மாநிலத்தால் எதைக் கொடுக்க முடியும், கொடுத்ததை எப்படிப் பறிக்க முடியும் என்பதற்கு ஃபுளோரிடாவை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஆயுள் முழுவதும் வாக்குரிமையை இழப்பார் என்பது 1868 முதல் அங்கே இருந்த விதி. ஆளுநரும் அமைச்சர்களும் அடங்கிய குழு கருணை காட்டினால் மட்டுமே அது திரும்பக் கிடைக்கும். டெஸ்மண்ட் மீட் தானும் சிறைத் தண்டனை அனுபவித்தவர். பின்னர் சட்டம் படித்தவர். அவர் முன்னின்று நடத்திய இயக்கம் கையெழுத்துகளைத் திரட்டி, 2018இல் இந்த விதியை மாற்றும் அரசியல் சட்டத் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்தது. திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும். 64 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. கொலை, பாலியல் குற்றம் தவிர மற்றவற்றில் தண்டனை முடித்த சுமார் 14 லட்சம் பேருக்குக் கதவு திறந்தது.

அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் குறுக்கே வந்தது. அபராதம், நீதிமன்றக் கட்டணம் எல்லாவற்றையும் கட்டித் தீர்த்தால்தான் தண்டனை முடிந்ததாகக் கருதப்படும் என்று சட்டம் போட்டது. ஒருவர் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்ல மாநிலத்திடம் ஒரே பதிவேடுகூட இல்லை. பணம் இல்லாதவரின் வாக்கைத் தடுப்பது செல்லாது என்று 2020 மே மாதம் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. 2022இல், தகுதி இல்லாமல் வாக்களித்ததாக இருபது பேரைக் கைது செய்தார்கள். அவர்களில் பலர், வாக்காளர் அட்டை வந்ததால்தான் வாக்களித்தோம் என்றார்கள். அரசே அட்டையை அனுப்பிவிட்டு, அதை நம்பி வந்தவருக்கு விலங்கு மாட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நான் வாழும் மினசோட்டா வேறு வழியில் போனது. முன்பு இங்கும் நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம் முடியும் வரை வாக்குரிமை இல்லாமல் இருந்தது. சிலருக்கு அது பல ஆண்டுகள் நீண்டது. 2023இல் சட்டமன்றம் இதை மாற்றியது. சிறையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே வாக்களிக்கலாம்; பணம் பாக்கியா என்று யாரும் கேட்பதில்லை. சுமார் 55,000 பேர் பயன்பெற்றார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கு 2024இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

தேர்தல் நாளன்றே வாக்குச்சாவடியில் பெயரைப் பதிந்துகொள்ளும் வசதி இங்கே 1970களிலிருந்து இருக்கிறது. வாக்குச்சாவடி அலுவலராக அந்தப் பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஓர் இளம்பெண் வந்தார். வீடு மாறியிருந்தார், ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி, மின்கட்டண ரசீதோ உடன் தங்கியிருப்பவர் பெயரில். மாடிவீட்டுப் பெரியவர் கூடவே வந்து, "இவர் இங்கேதான் குடியிருக்கிறார், எனக்குத் தெரியும்" என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டார். அதே வாக்குச்சாவடியில் பெயருள்ள ஒருவர் எட்டுப் பேர் வரை இப்படி உறுதி கூறலாம். பொய் சொன்னால் குற்றம். பிறகு அந்தப் பெண் பதிவேட்டில் கையெழுத்திட்டு, அதற்குக் கிடைத்த சீட்டைக் கொடுத்து வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டார். இந்த ஏற்பாட்டால் மோசடி நடக்கும் என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரே கட்சிக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியின்படிதான் எங்களை அமர்த்துகிறார்கள். எதிர்க்கட்சிக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். 2020இல் இந்த மாநிலத்தில் தகுதியுள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதற்கு இந்த மேசையும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். 2012இல் புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்க ஒரு திருத்தம் வந்தபோது, மக்களே அதைத் தோற்கடித்தார்கள்.

மாநிலச் சட்டங்களின் அவசியம் 2013க்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது. இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்று 1965 வாக்குரிமைச் சட்டம் வைத்திருந்தது. அந்த ஏற்பாட்டை, ஷெல்பி கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. அந்த இடைவெளியை நிரப்பவே வாஷிங்டன், ஓரிகன், வர்ஜீனியா, நியூயார்க், கனெடிகட் ஆகியவை சொந்தமாக வாக்குரிமைச் சட்டம் இயற்றின. கலிஃபோர்னியா 2002இலேயே செய்திருந்தது. மினசோட்டாவுக்கு இன்னொரு நெருக்கடியும் வந்தது. இந்த மாநிலமும் அடங்கிய எட்டாவது வட்ட மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், வாக்களிப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1965 சட்டத்தின் இரண்டாம் பிரிவின்கீழ் தனிமனிதர் வழக்குத் தொடுக்க முடியாது என்று 2023 நவம்பரில் சொல்லிவிட்டது. சில மாதங்களிலேயே, பாதிக்கப்பட்டவர் தாமே மாநில நீதிமன்றத்தை நாட வழி செய்யும் சட்டத்தை மினசோட்டா நிறைவேற்றியது.

எனவே குடியுரிமை பெற்ற நம்மவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அதிபர் தேர்தலுக்குக் காட்டும் அக்கறையை உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதிலும் காட்டுங்கள். மினசோட்டாவில் இருந்தால் வாக்குச்சாவடிப் பணிக்கும் வாருங்கள். இருபது நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்தால், நிறுவனம் அன்று விடுப்புத் தந்தாக வேண்டும்.